ஜன்னல் வைக்காத குளியலறை

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த அப்துல் சுபான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், கல்யாணமான புதிதில், தன் கையாலேயே ஒரு குளியலறை கட்டினார். அதுவரை அவர் மனைவி நசீம் பானு கொல்லையில் ஓலைத் தட்டிக்குள்தான் குளித்தாள். பக்கத்து வீட்டில் மாடி எடுத்த பிறகு, விடியுமுன்னே இருட்டில் எழுந்து குளிக்க வேண்டியதாயிற்று. அதைப் பொறுக்காமல்தான் செங்கல் வாங்கிப் போட்டார். யார் கண்ணும் படக்கூடாதென்று நாலு பக்கமும் முழுச் சுவர் எழுப்பினார். ஜன்னல் வைக்கவில்லை.

முதல் நாள் குளித்துவிட்டு வந்தவள், "இனிமே பயமில்லாம குளிப்பேங்க" என்றாள். அன்றைக்கு அவருக்குச் சந்தோஷத்தில் கடையில் இருப்பே கொள்ளவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே சுவரின் அடியில் கருப்பாகப் பூசணம் படர்ந்தது. அவள் சலவைச் சோடா போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். அவர் சுண்ணாம்பு அடித்தார். கொஞ்ச நாள் வெளுத்திருக்கும். பிறகு அதே இடத்தில் புள்ளி புள்ளியாக எழும்பி மேலே ஏறும். வருஷா வருஷம் இதே பாடு.

"கொத்தனார் யாரையாச்சும் கூட்டியாந்து காட்டலாமுங்க. தேய்க்கத் தேய்க்க வருது."

"நான் கட்டின சுவத்துக்கு எவன் வந்து என்னா சொல்லப் போறான்? வெயில் அடிச்சா காஞ்சிரும்."

அவளுக்கு இழுப்பு வந்தது. அந்த மூடிய அறையில் நின்று தேய்த்துவிட்டு வந்தால் பேச முடியாமல் மூச்சு வாங்குவாள். பொம்மிடியில் தாய் வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். திரும்பி வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

"அம்மா வூட்டுக்குப் போனா மட்டும் நோவு பறந்துடுது" என்று சுபானின் அக்கா ஜான் பீ சிரித்தாள். அந்தப் பேச்சு அவர் மனதில் தைத்துவிட்டது. அடுத்த முறை நசீம் பானு துணி மூட்டையோடு புறப்பட்டு நின்றபோது கேட்டுவிட்டார்.

"இங்க இருக்கப் புடிக்கலன்னா சொல்லிடு."

அவள் அவரையே பார்த்தாள். மூட்டையை அவிழ்த்து, துணிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள். அதன் பிறகு பொம்மிடிக்குப் போகவே இல்லை. அம்மா ஆள் அனுப்பியும் போகவில்லை. இழுப்பு வந்தால், அவர் காதில் விழாதபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம், சுவரைத் தேய்த்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கடையிலிருந்து ஓடி வந்த சுபான் குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

மறு வருஷம் பூச்சு பெயர்ந்து விழுந்தபோதுதான் கொத்தனார் இன்னாசியைக் கூப்பிட்டார். இன்னாசி வெளிப்பக்கம் சுற்றிப் பார்த்தார்.

"குளிக்கிற தண்ணி வெளிய போவலீங்க, சுவத்தடியிலயே தங்குது. சுவரு அதை உறிஞ்சுது. உள்ள காத்துப் போவவும் வழியில்ல. மேல மேல சுண்ணாம்பு அடிச்சா எப்படிங்க போவும்?"

"இந்தப் பூசணத்தால ஆளுக்கு மூச்சு இழுக்குமா?"

"சில பேருக்கு ஆவாதுங்க. வூட்ல யாருக்காச்சும் இருக்குதுங்களா?"

சுபான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இன்னாசி சுவரில் ஜன்னல் வைத்தார், தண்ணீர் தூரப் போக வாய்க்கால் இழுத்தார், பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பூசினார். வேலை அந்த வாரமே முடிந்தது. அடைமழையிலும் சுவர் வெள்ளையாகவே நின்றது. சுபானுக்கு அந்த வெள்ளையைப் பார்க்க முடியவில்லை. கடைக்கு எதிரே குழாயடியில் குளித்துக்கொண்டார்.

பிற்பாடு, ஊரில் யார் வீட்டுச் சுவரில் பூசணம் என்று கேள்விப்பட்டாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். "ஒரு தடவ தேய்ச்சுப் பாருங்க. அதே எடத்துல திரும்ப வந்துச்சுன்னா கொத்தனாரைக் கூப்பிட்டுடுங்க. நாள் கடத்தாதீங்க" என்பார். இன்னாசியிடம் கமிஷன் வாங்குகிறார் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். சுபான் அதை மறுத்ததே இல்லை.