அண்ணா என்று எழுதிய வாசகி

எம்.பி.ஏ. படிக்க வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், பெயர் சொல்லாமல் ஒரு ப்ளாக் எழுதினேன். காலையில் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால், படப்பை தாண்டி ஒரகடம் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பதிவு முடிந்துவிடும். நுழைவுத் தேர்வில் எங்கே கோட்டை விட்டேன், விண்ணப்பக் கட்டுரையை எத்தனை தடவை அழித்து எழுதினேன், இன்டர்வியூவில் என்ன உளறினேன், எல்லாம் எழுதுவேன். நான் யார் என்பதை மட்டும் எழுத மாட்டேன். ஆபீஸில் தெரிந்தால் வரவேண்டிய பதவி உயர்வு போய்விடும். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயம். அப்பா இறந்த பிறகு பீர்க்கன்கரணை வீட்டில் நாங்கள் இருவர்தான்.

வாசகர்கள் கூடக் கூடத் தொல்லையும் கூடியது. ஒருவர் தன் கட்டுரையை அனுப்பி, 'நாளைக்குள்ள திருத்திக் குடுங்க' என்பார், ஏதோ நான் அவர் வைத்த ட்யூஷன் டீச்சர் மாதிரி. இன்னொருவர் போன் நம்பர் கேட்பார். ஒரு புண்ணியவான், நான் எங்கோ எழுதியிருந்த ரயில்வே கேட்டை வைத்து, பெருங்களத்தூர் பக்கம்தானே என்று துப்புத் துலக்கி டீ குடிக்கக் கூப்பிட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. கட்டுரை பார்க்க மாட்டேன், போனில் பேச மாட்டேன், நேரில் வர மாட்டேன், சொந்த விஷயம் கேட்டால் பதில் கிடையாது என்று கறாராக எழுதி ப்ளாக்கின் உச்சியில் ஒட்டினேன்.

எல்லாரும் என்னை ஆண் என்றே நினைத்திருந்தார்கள். ப்ரோ, சார், மச்சான் என்றுதான் மெயில் வரும். தொழிற்சாலையைப் பற்றி, அதுவும் இப்படிச் சிடுசிடுவென்று எழுதுகிறவர் ஒரு பெண்ணாக இருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. நான் திருத்தவில்லை. ஒரு வேலிக்கு மேல் இன்னொரு வேலி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணும் 'அண்ணா' என்றுதான் எழுதினாள். காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு அங்கேயே வேலை பார்க்கிறவள். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். முதல் மெயில் இப்படி வந்தது: 'அண்ணா, நீங்க தோத்துப்போன ஒரு சம்பவத்தை எழுதுங்கன்னு அப்ளிகேஷன்ல கேக்குறாங்க. தோத்தா வீட்ல திட்டுவாங்கன்னு நான் எதையுமே ட்ரை பண்ணலையே, எதை எழுதுறது?'

பஸ்ஸில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். போட்ட சட்டத்தை நானே மீறினேன். 'பயந்து விட்டுட்ட ஒண்ணை எழுதும்மா. அதுவும் தோல்விதான்' என்று பதில் அனுப்பினேன்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று மெயில். ஆறு மாதம் ஓடியது. நான் யார் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவள் மெயில் வராத நாளில் எரிச்சலாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கக் கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது இது வந்தது. 'அண்ணா, இனிமே எழுதாதீங்க. அத்தா நம்ம மெயில் எல்லாம் பாத்துட்டாரு. யாரு இந்த அண்ணன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். பேரே சொல்லாத ஆம்பளகூட ஆறு மாசமா உனக்கு என்ன பேச்சுன்னு சத்தம் போட்டாரு. அப்ளிகேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துட்டுப் போய்ட்டாரு. அம்மா போன்லருந்து அனுப்புறேன்.'

முதலில் அந்த மனிதர் மேல்தான் கோபம் வந்தது. பஸ் படப்பை கடைத்தெருவில் மாட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், கோபம் என் மேல் திரும்பியது. என் அப்பா இருந்திருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். என்னைக் காத்துக்கொள்ள நான் போட்ட முள், அவள் காலில் ஏறிவிட்டது. 'அத்தா நம்பர் குடு' என்று ஒரு வரி அனுப்பினேன்.

மதியம் கேன்டீனுக்குப் பின்னால் நின்று, என் சொந்த போனிலிருந்தே கூப்பிட்டேன்.

"சார், உங்க பொண்ணுக்கு மெயில் எழுதுற அந்த அண்ணன்... அது நான்தான் சார்."

அந்தப் பக்கம் பைப் அறுக்கிற சத்தம். யாரிடமோ அதை நிறுத்தச் சொன்னார். "யாரும்மா நீ? இன்னா சொல்ற?"

சொன்னேன். பேர், வேலை, வீடு இருக்கும் தெரு, எல்லாவற்றையும் சொன்னேன். "அவ நல்லா எழுதுறா சார். தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க" என்றேன்.

"பொம்பளப் புள்ளையா நீ. இத அவகிட்டயாவது சொல்லக்கூடாதாம்மா? மூணு நாளா அவ சரியா சாப்புடல. நானுந்தான்."

"தப்புதான் சார்."

"லேப்டாப்ப இன்னிக்கே குடுத்துடறேன். எழுதட்டும்." போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஒன் வூட்ல தெரியுமா, நீ வெளிநாடு போகப் போறது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியாது சார். அம்மா மட்டும்தான். தனியா இருக்கணுமேன்னு சொல்லல."

"என் பொண்ணு மொத நாளே எங்கிட்ட வந்து சொன்னா. ரெண்டு மாசம் நான் மூஞ்சி குடுத்துப் பேசல. ஆனா அத அவ எங்கிட்ட மறைக்கல. அதான் இந்த மெயிலுங்கள பாத்தப்ப தாங்கல எனக்கு." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "சொல்லிடும்மா."

அன்று சாயங்காலம் சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ப்ளாக், அந்தப் பெண், ஹார்டுவேர் கடைக்காரர், எதையும் விடவில்லை. அம்மா அழவில்லை. எந்த ஊர், எத்தனை வருஷம், பக்கத்தில் சர்ச் இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, "அந்தக் கடைக்காரர்கிட்ட எப்பச் சொன்ன?" என்றாள்.

"மத்தியானம்."

"அப்ப எனக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும்."

அவள் கையிலிருந்த என் குர்த்தாவை மடிக்க வாங்கப் போனேன். அவள் விடவில்லை.

"குடும்மா, நான் மடிக்கிறேன்."

"இரு. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான நான் மடிக்கப் போறேன்" என்றாள்.