ஜமீலா கண்ட பாதிச் சரிவு

கைபேசியில் அன்வரின் பெயர் தெரிந்தபோது கல்லூரி பஸ்ஸில் இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றிருந்தது. நான் எடுக்கவில்லை. எடுக்காதவரை எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் அடித்தபோது எடுத்தேன். “மைதிலிக்கா, அக்கா மவுத்தாயிட்டாங்க. வீட்டுக்கு வந்துருங்க” என்று சாவுச் செய்தியைச் சொன்னார் ஜமீலாவின் தம்பி.

எங்கள் இயற்பியல் துறையில் ஜமீலாவோடு பழகிய எல்லோருக்கும் அவர் துணிச்சல்காரர். பயந்தவள் நான்தான். விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்து பொதுவில் தரும் அளவுகளை வைத்து, ராட்சத நட்சத்திரங்களை எடை போடலாம் என்று அவர் சொன்னபோது, “நம்மால ஆகுமா?” என்றுதான் முதலில் கேட்டேன். “ஆகலேன்னா ஆகலேன்னு தெரிஞ்சுக்குவோமே” என்றார்.

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று மற்றொன்றின் குறுக்கே வந்தால், நமக்கு வரும் ஒளி சற்றுக் குறையும். நாங்கள் எடுத்துக்கொண்ட நட்சத்திர ஜோடியில் முதல் நட்சத்திரம் மறைவதைப் பார்த்துவிட்டோம். இரண்டாவது மறைவதைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் எடையை நம்பிச் சொல்ல முடியாது. தொலைநோக்கி மறுபடி அந்தப் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தபோதுதான் ஜமீலாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. “இந்த மாதிரி பெரிய நட்சத்திரத்துக்கு ஆயுசு கம்மி. சீக்கிரம் பார்த்துடணும்” என்பார். அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

புது அளவுகள் வந்த அன்று துறையில் தனியாக உட்கார்ந்து திறந்தேன். முதல் நட்சத்திரத்தின் இரண்டு மறைவுகளுக்குச் சரியாக நடுவே, எதிர்பார்த்த இடத்தில், ஒளி குறையவே இல்லை. தென்னூரில் அவர் சேர்ந்திருந்த மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம், இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன்.

“வந்துருச்சு போல. முகத்துலயே தெரியுது. லேப்டாப்பைத் திறங்க” என்றார்.

பார்த்தார். “சரியா நடுவுலதான் வரணுமா? அதுங்க வட்டமாத்தான் சுத்துதுன்னு யாரு சொன்னா? நீள்வட்டமா இருந்தா முன்னாடியே வந்திருக்கும்.”

முன்னால் நகர்த்திப் பார்த்தோம். ஓரிடத்தில் ஒளி லேசாகச் சரிந்திருந்தது. உடனே ஒரு வெற்றிடம். அளவுகளைப் பூமிக்கு அனுப்பத் தொலைநோக்கி திரும்பியிருந்த நேரம் அது. சரிவின் மீதி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

“இதுதான்!” என்றேன்.

“நாம ஆசைப்படுறது தெரிஞ்சா, அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்” என்றார் ஜமீலா. கருவியின் கோளாறாகவும் இருக்கலாம். அப்படியானால் பக்கத்து நட்சத்திரங்களிலும் அதே சரிவு இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எதிலும் இல்லை. அவர் கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

“மைதிலி, எனக்குப் பயமா இருக்கு.”

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. “எனக்கும்தாங்க” என்றேன்.

“அப்ப சரி. கிட்ட உட்காருங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம்.” கையைப் பிடித்துக்கொண்டார். அன்வர் வரும்வரை விடவில்லை. நாங்கள் பேசிக்கொண்டது அதுவே கடைசி.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அடுத்த தொகுதி அளவுகள் வந்தன. அவர் சொன்ன இடத்திலேயே ஒளி இறங்கி, தரைதட்டி, மீண்டும் ஏறியிருந்தது. முழு மறைப்பு. திரையைத் திருப்பிக் காட்ட எதிரே ஆளில்லை. இப்போது எடையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் வரும்.

துணிச்சலை அவரிடமிருந்து நான் பெறவில்லை. பயமாக இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம் என்பதை மட்டும் பெற்றிருக்கிறேன். அவரை அறிந்து, அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களிடம் சொல்கிறேன்: அவர் இல்லாத துறைக்குள் காலையில் நுழைய எனக்குப் பயமாக இருக்கிறது.