அப்பாவின் சாரக் கட்டம்

விம்பிள்டனில் பக்கத்து வீட்டு ஸ்கொட்லாந்துக்காரர் தன் மகளின் கல்யாணத்தில் இடுப்பில் பாவாடைபோல் சுற்றிய, கட்டம் போட்ட கில்ட்டுடன் நின்றார். பச்சை, நீலம், நடுவே ஒற்றை மஞ்சள் கோடு. அது அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தின் கட்டம்.

யாழ்ப்பாணத்தில் அப்பா அந்தக் கட்டத்தில்தான் முழுச் சுருளாகத் துணி எடுப்பார். அவருக்கும் சித்தப்பாமாருக்கும் அதில்தான் சாரம். கஞ்சி மணக்கக் கொடியில் காய்வதைப் பார்த்தே எங்கள் வீட்டை அடையாளம் சொல்வார்கள்.

“சிலோனில் தோட்டத்துரையாக இருந்த என் தாத்தா ஊர் திரும்பி வரைந்த கட்டம். எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான்” என்றார் ஸ்கொட்லாந்துக்காரர்.

“எங்கட கட்டத்தைக் களவெடுத்திருக்கிறாங்கள்” என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் குமுறினேன்.

“இல்லைத் தம்பி, கப்பலில வந்த சீமைத்துணி எண்டுதானே உன்ர அப்பா அதைப் பெருமையாக் கட்டினவர்.”

கமராக்காரர் குடும்பத்தாரை மட்டும் படத்துக்குக் கூப்பிட்டார். எழும்புவதா, இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.