அக்காவுக்குக் கிடைக்காத ஆறாம் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தமிழாசிரியர் கமலவேணி அக்கா திருமானூரில் தம் வீட்டில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அரியலூரில் இறங்கி வண்டி மாறுவதற்குள் எல்லாரும் எழுதித் தள்ளியிருந்தார்கள். அணைந்த விளக்கு என்றார் ஒருவர். சாய்ந்த ஆலமரம் என்றார் இன்னொருவர். அழுகைக்கு நடுவே எனக்குக் கோபம் வந்தது. இதையெல்லாம் அக்கா "எச்சில் உவமை" என்பார்.

அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாரோ என்றைக்கோ சொன்ன உவமையை வாங்கித் திருப்பிச் சொன்னால் அக்காவின் வகுப்பில் அது எச்சில். நிலா மாதிரி முகம் என்று ஒரு பிள்ளை சொன்னால் விடமாட்டார். "நிலாவை நல்லாப் பாத்தியா? பள்ளம் பள்ளமா கெடக்கு. உங்கம்மா மொகம் அப்படியா இருக்கு? உன் கண்ணால பாத்ததச் சொல்லு." பிள்ளைகள் சொல்வார்கள். பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் எனக்கு ஒன்றும் ஓடாது, அவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்கும். இது அவர் ஆறாம் வகுப்பு எடுத்த காலத்தில்.

ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் தமிழிலேயே பலர் தோற்றுப்போனார்கள். தலைமையாசிரியர் அக்காவை அங்கே மாற்றினார். அடுத்த தேர்வில் எல்லாரும் தேறினார்கள். அத்தோடு அக்கா மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு ஜூனிலும் கால அட்டவணை போடும்போது போய் நிற்பார். "சார், எனக்கு ஆறாம் வகுப்பு குடுங்க." "அடுத்த வருஷம் பாக்கலாம்மா." தலைமையாசிரியரையும் சும்மா திட்டிவிட முடியாது. தேர்ச்சி குறைந்தால் மேலதிகாரிகள் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனையாக ஒருவரை ஒரே அறையில் பூட்டிவைப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சொன்னேன். "நாலு பேரு ஃபெயிலாகட்டும்னு விட்டுடுங்கக்கா. அவங்களே உங்களை மாத்திடுவாங்க." அக்கா சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "சரி. எந்த நாலு பேருன்னு நீயே சொல்லு." என் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள்தான். ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை. "சொல்ல முடியலல்ல? அதான் நானும் இங்கயே கெடக்கேன்" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு மறக்காதது ஒரு மாலைச் சிறப்பு வகுப்பு. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கானது. அடுத்து என் முறை என்பதால் வராந்தாவில் நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். உள்ளே உவமை அணிக்கு இலக்கணம், சான்று, பொருத்தம் என்று மனப்பாடம் நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊரிலிருந்து வரும் நிரோஷா என்ற பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்தாள்.

"டீச்சர், மைன்ஸ்ல வெடி வெச்சா எங்க வூட்டுப் பாத்திரமெல்லாம் குளிர்காய்ச்சல்காரி பல்லு மாதிரி கிடுகிடுங்குது. இது உவமைதானே?"

அக்கா பழைய குரலில் கத்தியே விட்டார். "அடியே, இதுதான்டி உவமை! இன்னொருவாட்டி சொல்லு." அவள் மறுபடி சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனா பரீட்சையில இதை எழுதிடாத கண்ணு. புத்தகத்துல இருக்கறத மட்டும் எழுது. மார்க் போயிடும்."

"அப்ப ஏன் டீச்சர் நல்லாருக்குன்னீங்க?" என்று கேட்டாள் அவள். துடுக்காக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா அடுத்த சான்றைப் படிக்கச் சொன்னார். வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பேசாத பிள்ளையைப் பேச வெச்சி, நானே வாயை அடைச்சிட்டேன்" என்றார். நிரோஷா அந்தத் தேர்வில் தேறினாள். புத்தகத்தில் இருந்ததைத்தான் எழுதினாளாம்.

அதற்குப் பிறகு ஆறாம் வகுப்பு கேட்டு அவர் போகும்போதெல்லாம் நானும் கூடப் போய் நின்றேன். இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. பத்தாம் வகுப்பிலிருந்தபடியே அக்கா போய்ச் சேர்ந்தார்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. நூறு சதவீதத் தேர்ச்சி தந்தவர் என்று ஃபிளெக்சில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பேச அழைத்ததும் நான் எழுந்து, "அக்கா கேட்டது ஆறாம் வகுப்பு. கடைசிவரை அதைக் குடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் அழாமல் பேச என்னால் முடிந்திருக்காது.

மறுநாளே பத்தாம் வகுப்பை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவரைத் தூக்கி அங்கே போட்டார்கள். இத்தனை வருடம் அக்கா கேட்டுக் கேட்டுக் கிடைக்காத வகுப்பு இப்போது ஆளில்லாமல் கிடக்கிறது. புது ஆசிரியர் வரும்வரை சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும்படி அந்தப் பாடவேளையை என் தலையில் கட்டினார்கள். எனக்குத் தமிழ் நடத்தத் தெரியாது. உவமை சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எச்சிலைக் கழித்துவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்புக்கு வருவார்கள், அப்போது இவர்களிடமும் யாராவது குரலைத் தாழ்த்தத்தான் வேண்டியிருக்கும். அதை மாற்ற என்னால் ஆகாது. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவர் அன்று நிரோஷாவிடம் சொல்ல விரும்பி, சொல்ல முடியாமல் போன ஒரு சொல். இன்று ஒரு பிள்ளை புதிதாக ஒன்று சொல்லிவிட்டு, "இதை எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டது.

"எழுது" என்றேன்.