வீரம்மா சொன்ன கொசோங்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட் வரிசை வீடுகளில் வீரம்மாவின் குரல் கேட்காத சுவர் கிடையாது. சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், பாவம்! வீட்டுக்காரர் பத்துமலைக்குக் காது மந்தம். தோட்டத்து ரப்பர் ஆலையில் மெஷின் இரைச்சலோடு பாதி வயசைக் கழித்தவர். தோட்டம் கைமாறியதும் ஈப்போவில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறைக்கு வந்தார். அங்கும் இரைச்சல்தான். வலது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம், அதுவும் கிட்டே போய்க் கத்தினால்தான் ஏறும்.

கத்திக் கத்தி ஒரு பெண்பிள்ளை என்னதான் பேசுவாள்? கேஸ் தீர்ந்துபோச்சு, லைட்டு பில் வந்திருக்கு, அவ்வளவுதான். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

முன்பெல்லாம் அப்படியில்லை. பத்துமலை லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர். ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஷரபுதீனோடு தினமும் சாயங்காலம் மோர்ஸ் குறியில் தட்டிப் பேசுவார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பேச்சு. முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், கேட்ட கதையையெல்லாம் வீரம்மாவிடம் கொட்டிச் சிரிப்பார். ரெண்டு வருசத்துக்கு முன்னால் அந்த மெல்லிய கீச்சுச் சத்தம் காதில் விழாமல் போனது. ரேடியோவைத் துணிபோட்டு மூடினார், கூடவே வாயையும் மூடிக்கொண்டார். அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்த்தவள்தான் வீரம்மா. இப்போது, மனுசன் இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

எண்பத்தாறில் ஷரபுதீனிடமிருந்து தபாலில் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. மோர்ஸ் சத்தத்தைக் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தாக்கிக் காட்டும் புரோகிராமாம். வெளிநாட்டு ரேடியோக்காரர் ஒருவர் எழுதியது. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்க மட்டும் கூடாது என்று தலைப்பிலேயே போட்டிருந்தார். நல்ல மனசு! ஆனால் வந்தது காகிதம்தான். வரி வரியாக நாமேதான் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்ற வேண்டும். பட்டறையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைப் பத்துமலை தூக்கிக்கொண்டு வந்தார்.

காகிதத்தையும் பார்த்து விசையையும் பார்த்தால் அவருக்கு வரி தவறியது. அதனால் வீரம்மா வாசித்தாள். தோட்டத்துப் பள்ளிப் படிப்பு, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் தெரியும். மற்றக் குறிகளுக்கெல்லாம் அவளே பெயர் வைத்தாள். மேற்கோள் குறிக்குப் பெயர் கொம்பு.

"ஐ! எஃப்! ஏ! டாலர்! சமம்! கொம்பு! கொசோங்! கொம்பு!"

இந்த ஊரில் சைபரை யார் சைபர் என்கிறார்கள்? மலாய்க் கொசோங்தான். சீனி போடாத தேத்தண்ணிக்கும் இங்கே கொசோங் என்றுதான் பெயர். பக்கத்து வீட்டு மங்களம் வேலியில் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, காலையிலேருந்து ஒரே கொசோங்கா இருக்கு? தேத்தண்ணிக் கடை போட்டாச்சா லா?"

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்து முடித்தார்கள். மறுபடி அவள் வாசிக்க, அவர் திரையில் சரிபார்த்தார். எல்லாம் அச்சாகப் பொருந்தியது. சாயங்காலம் ரேடியோவிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்தார். சொல்லிவைத்தபடி ஷரபுதீன் தட்டும் நேரம். ரேடியோவின் முள் துள்ளியது, திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். கடைசியில் எழுந்து துணியைக் கையில் எடுத்தார்.

"விடு வீரம்மா. நமக்கு இது சரிப்படாது."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. திரையைக் காட்டிக் கத்தினாள். "தொண்டை கிழியக் கத்தியும் கொசோங்காத்தானே கெடக்கு, பாழாப்போன பொட்டி!"

பத்துமலை சட்டென்று திரும்பினார். "என்ன சொன்ன?"

"கொசோங். ஒண்ணுமே இல்லேன்னேன்."

காகிதத்தைப் பிடுங்கி, ரெண்டு கொம்புக்கு நடுவே விரலை வைத்தார். "இந்த எடத்துல என்னான்னு வாசிச்ச?"

"கொசோங்னுதான். நடுவுல ஒண்ணுமில்லாம காலியா கெடக்கு, பின்ன எப்படிச் சொல்றதாம்?"

ஐயையோ! சைபரும் கொசோங், வெறுமையும் கொசோங். காலி இடம் விடவேண்டிய இடத்திலெல்லாம் மனுசன் சைபரை அடித்து வைத்திருக்கிறார்! பத்துமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரெண்டு வருசத்துச் சிரிப்பு. வீரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

திருத்தி ஓட்டினார். திரையில் எழுத்துகள் தத்தித் தத்தி வந்தன. வீரம்மா கூட்டி வாசித்தாள். மச்சான் சாப்டியா.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் விலை ஏறியது, ஷரபுதீன் கடையில் பூனை குட்டி போட்டது, திரையில் வந்த எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிச் சொல்லிப் பதிலும் தட்டினார். வீரம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் காதருகே குனிந்தாள்.

"நான் பேசுனாலும் இது எழுதுமாங்க?"

"பேச்செல்லாம் எழுதாது. தட்டுனாத்தான் எழுதும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கும் தட்டச் சொல்லிக் குடுங்க. எல்லாத்தயும் கத்திச் சொல்ல முடியுமா?"