பேரியாழுக்குப் போர்த்திய தோல்

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷமாக ஆட்டுத்தோல் தரம் பிரிப்பவர் ஜியாவுல்லா. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று ஒதுக்கிவிடுவார். அந்த விரல்களின் மேல் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, கர்வப்படவும் ஒரு தகுதி வேண்டாமா?

காட்பாடியில் சோபனா என்ற பெண் யாழ் செய்கிறாள். முதலில் செய்தது ஏழு நரம்புச் செங்கோட்டியாழ். அதற்கடுத்துப் பதினான்கு நரம்புச் சகோடயாழ், பத்தொன்பது நரம்பு மகரயாழ் என்று படிப்படியாக ஏறியிருக்கலாம். ஏறாமல் நேராக இருபத்தொரு நரம்புப் பேரியாழுக்குத் தாவிவிட்டாள். படகு மாதிரி ஒரு பலாமரக் குடம், அதன் வாயில் ஆட்டுத்தோல், குடத்திலிருந்து வில்லாக வளைந்து எழும் மரத்தண்டு. தண்டுக்கும் தோலுக்கும் நடுவே நரம்புகள். இரண்டு வருஷ உழைப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை மேடையில் வாசிக்க வேண்டும்.

தோலுக்கு ஜியாவுல்லாவிடம்தான் வந்தாள். "பச்சைத் தோல்தான் வேணும் பாய். முடி எடுத்துக் காய வெச்சா போதும், பதம் பண்ணிடாதீங்க."

அப்படியே காயவைத்தார். ஆனால் கொடுக்கப்போகும் நேரத்தில் தடவிப் பார்த்தால் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. இந்த ஊரில் விறைத்த தோலைக் கைநீட்டிக் கொடுப்பது மானக்கேடு. பழகிய கை சும்மா இருக்குமா? கொஞ்சம்தானே என்று எண்ணெய் தடவி இளக்கிக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சோபனா ஃபோன் செய்தாள். "சுருதி நிக்கவே மாட்டேங்குது பாய். முறுக்க முறுக்க எறங்குது. தண்டு வளையுதோ என்னவோ."

அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. தண்டு வளையவில்லை, எண்ணெயில் இளகிய தோல் இழுபடுகிறது. "பாத்து பண்ணுங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கழிவுத் தோலை முதல் தரத்தில் போட்டு, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி அக்தரி பேகம். எண்ணெய் விஷயத்தைச் சொன்னார். "ஃபோன்லயே சொல்லிட வேண்டியதுதானே" என்றாள்.

"முப்பது வருஷப் பேரு. ஃபோன்ல எப்படி சொல்றது?"

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். வேலூர் தாண்டியதும் அது மறந்துபோனது.

சோபனாவின் பட்டறைக் கதவைத் திறந்ததும் காலடியில் மரத்தூள். தண்டின் மேல்பாதி தரையில் தனியாகக் கிடந்தது. சோபனா ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாய். இப்பதான் அறுத்தேன். இருபத்தொரு நரம்பைத் தாங்கலை, பதினாலுக்குக் கொறைச்சுட்டேன். ஆசைப்பட்டு நீளமா வெச்சது என் தப்புதான்."

அப்படியே திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. திரும்பிவிடத்தான் மனசும் சொன்னது.

"மரத்து மேல தப்பில்லம்மா. தோல்ல எண்ணெய் தடவிட்டேன். வெறைப்பா குடுக்கக் கை வரலை."

சோபனா தோலை அழுத்திப் பார்த்தாள். விரல் அமுங்கியது. பிறகு குனிந்து, அறுத்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஃபோன் பண்ணப்பவே தெரியுமா?"

ஜியாவுல்லா ஆமென்று தலையாட்டினார்.

"அன்னிக்குத் தண்டு முழுசா இருந்துச்சு பாய்" என்றாள்.