சோடாத் தண்ணீரில் கறுத்த நான்கு டிரம்கள்

காரிமங்கலம் போகும் பஸ்ஸில் நின்றபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. என் சித்தப்பாவின் பேண்டு செட் வாசித்த கல்யாண ஊர்வலத்தை யாரோ ரீல்ஸ் போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு கமெண்ட்: "பேண்டு செட்டா, பால் சொசைட்டியா? ஆளுக்கொரு கேன தூக்கிட்டு வராங்க."

கோபம் வந்தது. மறுபடி பார்த்தேன். தோளில் மாட்டி இடுப்போரம் தொங்கவிட்டு அடிக்கிற எங்கள் நான்கு சைடு டிரம்மும் அலுமினிய உடம்பு. வியர்வையும் தூசியும் படிந்து, நிஜமாகவே பழைய பால் கேன் நிறத்தில் இருந்தன. இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்: பளபளவென்று ஆக்கிவிட வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடமாக அந்த டிரம்மை வாசிக்கப் பழகியும், ஒத்திகையோடு சரி. என்னை ஊர்வலத்தில் சேர்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அதியமான்கோட்டையில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் நான்கில் ஒரு டிரம் எனக்கு என்று சித்தப்பா முதல் முறையாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் ஒகேனக்கல்லில் ஒரு காதுகுத்துக்கு வாசிப்பது பற்றிப் பேசப் போயிருந்தார். பேண்டு ஆட்களின் வெள்ளை யூனிபாரத்தை வாஷிங் சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்து அலசுவது என் வேலை. சட்டைகளை எடுத்துக் காயப்போட்டேன். தொட்டியில் தண்ணீர் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. காலர் அழுக்கையே எடுக்கிற தண்ணீர், டிரம் அழுக்கை எடுக்காதா? நட்டுகளைக் கழற்றி, தோலைத் தனியே வைத்து, நான்கு உடம்பையும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்கினேன். கூடவே இன்னொரு பாக்கெட் சோடா, இன்னொரு குடம் கொதிதண்ணீர்.

நுரைத்தது. அலுமினியத்தின் மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் ஓடி ஓடி மேலே வந்தன. "சின்னம்மா, ஓடியாங்க! அழுக்கு எப்படிக் கெளம்புது பாருங்க!" என்று கத்தினேன். வீடியோ கூட எடுத்தேன்.

கால் மணி நேரம் கழித்து ஒன்றைத் தூக்கினேன்.

கறுப்பு. அடுப்பில் வைத்த சட்டியின் அடிப்பக்கம் போலக் கறுப்பு. துணியால் துடைத்தேன், துணி கறுத்தது, டிரம் வெளுக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கை இரண்டும் மை. அலுமினியம் சோடா போன்ற காரத்தில் கரையும் என்று ப்ளஸ் டூவில் சமன்பாட்டோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் குமிழ் அழுக்கல்ல, ஹைட்ரஜன். எழுதத் தெரிந்திருந்தது, தொட்டியைப் பார்த்தபோது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

சின்னம்மா வந்து எட்டிப் பார்த்தார். "ஐயையோ! என்ன பாப்பா, நாலு எருமக்கன்னு குளிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்குது?"

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் நின்றது. சித்தப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு டிரம் மேல் விரலை வைத்து இழுத்தார், விரலைப் பார்த்தார். அதுதான் பயமாக இருந்தது.

"இதையா மாட்டிகிட்டு மாப்ள வூட்டாருக்கு முன்னாடி நிக்கப் போறீங்க, மேடம்?"

"சரி பண்ணிடறங்க சித்தப்பா."

"நாளைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள நாலும் ஒரே கலர்ல வரணும். வரலன்னா சேலத்துல வாடகைக்கு டிரம் எடுத்துக்கறேன், அதோட வாசிக்கிற பசங்களும் வருவானுங்க. நீ பந்தில உக்காந்து சாப்ட்டு வா."

சமையலறையில் போய் நின்றேன். அழத்தான் போனேன். சின்னம்மா இட்லிப் பானையைத் திறந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அடியில் கொதிக்கும் தண்ணீரில் ஒரு உருண்டை புளிச் சக்கை மிதந்தது. எங்கள் போர்வெல் தண்ணீருக்கு அலுமினியப் பானை கறுத்துவிடும் என்று இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் அதைப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பானையின் உட்புறம் வெள்ளையாக இருந்தது. எனக்கு அன்றைக்கு இரண்டாவது அதிர்ச்சி அது.

"சின்னம்மா, வூட்ல புளி எவ்வளவு இருக்குங்க?"

"ஏன், அதையும் கெடுக்கணுமா?"

சனிக்கிழமை விடிந்ததும் தொடங்கினேன். புளியைக் கரைத்துக் கொதிக்கவைத்து, பழைய வேட்டியை அதில் நனைத்து, முதல் டிரம்மின் உடம்பில் சுற்றினேன். ஆறினால் மறுபடி சுடச்சுட நனைத்துச் சுற்று. நான்காவது சுற்றில் துணியை உரித்தபோது கறுப்பு போயிருந்தது. ஆனால் பளபளப்பு இல்லை. திருநீறு பூசியது போல மங்கிய வெள்ளை. பரவாயில்லை, கலர்தானே கேட்டார்! நான்காவதை முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சித்தப்பா நான்கையும் வரிசையாக வைத்து, தள்ளி நின்று பார்த்தார்.

"ம். தோல மாட்டு."

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் நான் வாசித்தேன். முதல் தெரு தாண்டும்வரை பக்கத்து டிரம்மைப் பார்த்துப் பார்த்து அடித்தேன், பிறகு பார்க்கவில்லை. பெண் வீட்டுக்காரர் ஒருவர் "புது டிரம்முங்களா?" என்றுகூடக் கேட்டார்.

திங்கட்கிழமை புது ரீல்ஸ் வந்தது. திறந்து பார்த்தேன். நான்கு பேரின் வெள்ளைக் கால்சட்டையிலும் இடது தொடையில், டிரம் உரசும் இடத்தில், கையகலக் கறுப்பு. மங்கிய அலுமினியம் உரசும் துணியிலெல்லாம் கறுப்பாக ஒட்டும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. கமெண்ட்: "டயர் மாத்திட்டு நேரா வந்துட்டாங்க போல."

சித்தப்பா போனைப் பார்த்துவிட்டு, வருகிற முகூர்த்தத்துக்கும் முன்வரிசை வேண்டுமானால் கால்சட்டையில் கறை ஒட்டக்கூடாது என்று மட்டும் சொன்னார். சிரிப்பை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

மேலே மெழுகுப் பூச்சு இருந்தால் கறுப்பு ஒட்டாதோ என்று மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு ஒரு டிரம்மை வெயிலில் சுடவைத்து மெழுகைத் தேய்க்கப் போகிறேன், வெள்ளைத் துணியால் உரசிப் பார்க்கப் போகிறேன். இந்த முறை உட்பக்கத்தில், ஒரு ரூபாய்க் காசளவு இடத்தில் மட்டும்.